கிராஃபீன் மேல் வெள்ளீயம்: சுகுபா மின்முனை குறித்த நிகழ்வு ஆய்வு

லித்தியம் அயனி மின்கலங்களில் மின்னேற்றத்தின்போது லித்தியத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆனோடு பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தில் கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டமே கொள்ளும். அதன் படிக அமைப்பில் அதற்கு மேல் இடமில்லை. வெள்ளீயமோ தன் ஓர் அணுவுக்கு 4.4 லித்தியம் வரை சேர்த்துக்கொண்டு கலப்புலோகமாகக் கூடியது. ஆகவே கணக்குப்படி அதன் கொள்ளளவு கிராமுக்கு 994 மில்லிஆம்பியர்-மணி. இவ்வளவு இருந்தும் அது கிராஃபைட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. லித்தியம் நிறையும்போது அதன் கன அளவு சுமார் 260 விழுக்காடு கூடுகிறது, வெளியேறும்போது மீண்டும் சுருங்குகிறது. மின்னேற்றி இறக்கும் சில சுற்றுகளிலேயே துகள்கள் விரிசல் விட்டுப் பொடியாகி, மின்னோட்டத்தோடு இருந்த தொடர்பை இழந்து, மின்முனைக்குள் எடையாக மட்டும் எஞ்சுகின்றன.

இந்தக் குறையை, கார்பன் அணுக்களால் ஆன ஓரணுத் தடிப்புள்ள தாளாகிய கிராஃபீனைக் கொண்டு தீர்க்க முயன்ற பணிகளில் அதிகம் பேசப்பட்ட ஒன்று, ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள தேசிய உயர்தொழில் அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் சியுங்-மின் பேக், யூன்ஜூ யூ, இதாரு ஹொன்மா ஆகிய மூவரும் செய்து, 2009 ஆம் ஆண்டு ஜனவரி மாத 'நானோ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டது. அந்தப் பணியை மையமாக எடுத்துக்கொண்டு, உலோகமோ உலோக ஆக்சைடோ பதித்த கிராஃபீனை எப்படிச் செய்கிறார்கள், அது ஆய்வக மேசையில் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, அதே மின்முனை கடையில் விற்கும் மின்கலத்துக்குள் போகத் தடையாக இருப்பது எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வகத்தில் இந்தப் பொருளைக் காப்பாற்றும் இரண்டு குணங்களே, அதாவது உள்ளே இருக்கும் வெற்றிடமும் பெரிய மேற்பரப்பும், தொழிற்சாலையில் அதற்கு எதிராகத் திரும்புகின்றன என்பது இந்நிகழ்வை ஆராய்ந்தபின் எனக்குப் படும் முடிவு.

கிராஃபீனுக்கு முந்தைய வெள்ளீயம்

வெள்ளீயத்தை ஆனோடாக்கும் முயற்சி கிராஃபீனோடு தொடங்கியதல்ல. ஒளிப்படச் சுருளுக்குப் பெயர்பெற்ற ஃபூஜி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1997 இல் 'சயின்ஸ்' இதழில் படிக ஒழுங்கற்ற வெள்ளீயக் கூட்டு ஆக்சைடு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். அது கிராமுக்கு 600 மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் மீள்தன்மையோடு தந்தது. கன அளவின்படி பார்த்தால் கார்பனைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதே ஆண்டில் கனடாவில் ஜெஃப் டானும் அவருடன் பணியாற்றிய கோர்ட்னியும் இந்த ஆக்சைடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக்கினர். முதல் மின்னேற்றத்தில் நுழையும் லித்தியம் முதலில் ஆக்சிஜனைப் பறித்து லித்தியம் ஆக்சைடாகிறது. விடுபட்ட வெள்ளீயம் நுண்ணிய திட்டுகளாக அந்த ஆக்சைடுக்குள் சிதறிக் கிடக்கிறது. அதன்பின் வரும் லித்தியம்தான் வெள்ளீயத்தோடு கலந்தும் பிரிந்தும் மின்கலத்தை இயக்குகிறது. முதலில் ஆக்சிஜனோடு போன லித்தியம் பெரும்பாலும் திரும்புவதில்லை. வெள்ளீய டைஆக்சைடின் ஒவ்வொரு மூலக்கூறும் இப்படி நான்கு லித்தியத்தை விழுங்கிவிட்டு, அடுத்த 4.4 லித்தியத்தை மட்டும் வாங்கித் தருகிறது. அந்த 4.4 க்கு உரிய கொள்ளளவே கிராமுக்கு 782 மில்லிஆம்பியர்-மணி என்று நூல்களில் காணப்படும் எண். கட்டுரையின் பிற்பகுதியில் இந்தக் கணக்குக்கு மறுபடி வர வேண்டியிருக்கும்.

2005 இல் சோனி நிறுவனம் நெக்ஸெலியான் என்ற பெயரில் ஒரு மின்கலத்தை ஒளிப்பதிவுக் கருவிகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ஆனோடு வெள்ளீயம், கோபால்ட், கார்பன் மூன்றும் ஒழுங்கற்று ஒன்றிய பொருள். கன அளவுக்குக் கொள்ளளவு 30 விழுக்காடு கூடியதாக நிறுவனம் அறிவித்தது. அதில் ஆக்சைடு இல்லை, ஆகவே முதல் சுற்று இழப்பின் பெரும்பங்கும் இல்லை. பொருள் அடர்த்தியாக இருந்தது. கிராஃபீன் பற்றிய ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த ஒரு சந்தைப் பொருளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

தாளைப் பிரித்தெடுத்தல்

2004 இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கோன்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு ஓரணுத் தடிப்புள்ள கிராஃபீனைத் தனிமைப்படுத்தினார்கள். 2010 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். மின்முனை செய்பவருக்கு அந்த முறை உதவாது. அவருக்கு வேண்டியது கிராம் கணக்கில், கிலோ கணக்கில் தூள். எனவே மின்கலத் துறையில் கிராஃபீன் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி, பிரித்து, மீண்டும் ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனை நீக்கி, எடுத்த பொருளே. இதில் முதற்படி, 1958 இல் ஹம்மர்ஸும் ஆஃபெமனும் வெளியிட்ட முறை. கிராஃபைட்டும் சோடியம் நைட்ரேட்டும் கலந்த அடர் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சிறிது சிறிதாக, வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் வெடிக்கக் கூடியது. இந்தக் கட்டத்தில் கைக்கு வேகம் கூடாது. பிறகு நீர் சேர்த்துச் சூடாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றும்போது கரும்பழுப்புக் குழம்பு பளிச்சென்ற மஞ்சளாக மாறும். 2010 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு சோடியம் நைட்ரேட்டை நீக்கிப் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்து, நச்சு வாயு வெளிவராதபடி இதைத் திருத்தியது.

கழுவுதலைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன; ஆய்வகத்தில் நாளைத் தின்பதோ அதுதான். அமிலம் குறையக் குறையக் கிராஃபைட் ஆக்சைடு நீரை இழுத்து உப்பிக் கூழாகி வடிதாளை அடைத்துவிடுகிறது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மாங்கனீசு அயனிகளைக் கழுவிவிட்டு, பின் நீரில் சுழற்றிப் பிரித்தோ சவ்வு வழி ஊடுபிரித்தோ எஞ்சிய உப்பை அகற்றுகிறார்கள். பொட்டாசியம் உப்பு மீந்துவிட்டால் உலர்ந்த பொருள் எளிதில் தீப்பற்றும் என்பதும் பதிவாகியுள்ளது. பின்னர் மின்முனையில் தென்படும் விளங்காத துணைவினைகளில் ஒரு பகுதி இங்கே சரியாகக் கழுவப்படாத மாங்கனீசிலிருந்து வருகிறது என்று ஐயுறவும் இடமுண்டு.

இப்படிக் கிடைக்கும் ஆக்சைடில் தாள்களுக்கிடையே இருந்த 0.335 நானோமீட்டர் இடைவெளி இரு மடங்குக்கும் மேலாக விரிந்திருக்கும். தளத்தில் ஹைட்ராக்சில், எப்பாக்சி தொகுதிகளும் ஓரங்களில் கார்பாக்சில் தொகுதிகளும் அமர்ந்திருக்கும். அவை நீரில் எதிர்மின்சுமை பெற்று ஒன்றையொன்று விலக்குவதால் தாள்கள் தனித்தனியே மிதக்கின்றன. ஆனால் அதே தொகுதிகள் மின்கடத்தலைக் கெடுத்துவிடுகின்றன. ஹைட்ரசீன் போன்ற ஒடுக்கியாலோ கடும் வெப்பத்தாலோ அவற்றை நீக்கினால் கடத்தும் திறன் பெருமளவு திரும்பும்; கூடவே தாள்களை விலக்கி வைத்த மின்சுமையும் போய், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறுபடி கிராஃபைட்டை நோக்கிப் போகும். கிராமுக்கு 2630 சதுர மீட்டர் என்று கோட்பாடு சொல்லும் மேற்பரப்பு உலர்ந்த தூளில் கிடைக்காததற்குக் காரணம் இது. உலோகத் துகள் இந்த இடத்தில்தான் முதன்முதலில் பயன்படுகிறது: தாள்கள் படிவதற்குமுன் இடையில் புகுந்து அவற்றைத் தள்ளி நிறுத்துகிறது. துகள் தாளைக் காக்க, தாள் துகளைக் காக்கிறது.

சுகுபாவில் செய்தது

இதே குழு 2008 இல் கிராஃபீன் தாள்களை மட்டும் கொண்டு செய்த மின்முனையில் கிராமுக்கு 540 மில்லிஆம்பியர்-மணி கிடைத்தது. கார்பன் நானோக் குழாய்களையோ அறுபது கார்பன் கொண்ட ஃபுல்லரீன் பந்துகளையோ இடையில் வைத்துத் தாள்களின் இடைவெளியைக் கூட்டியபோது அது முறையே 730, 784 என உயர்ந்தது. இடைவெளி முக்கியம் என்பதை அவர்கள் அங்கேயே கண்டுகொண்டார்கள். அடுத்த படியாக, இடையில் வைக்கும் பொருளும் லித்தியத்தைச் சேமித்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து வெள்ளீய டைஆக்சைடுக்கு வந்தார்கள் என்று கொள்வது பொருந்தும்.

அவர்கள் தாளின் மேல் ஆக்சைடை வளர்க்கவில்லை. வெள்ளீயக் குளோரைடை நீராற்பகுத்து ரூட்டைல் என்ற படிக அமைப்புள்ள நானோ துகள்களைத் தனியே செய்துகொண்டு, ஏற்கெனவே ஒடுக்கப்பட்ட கிராஃபீன் தாள்களை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் பரப்பி, இரண்டையும் சேர்த்துத் தாள்கள் துகள்களைச் சுற்றி மீண்டும் ஒன்றுகூடும்படி விட்டார்கள். கிடைத்தது தளர்வாக அடுக்கப்பட்ட துகள்களும் அவற்றின் நடுவே சீராகப் பரவிய வளையும் தாள்களும் கொண்ட, ஏராளமான வெற்றிடமுள்ள நுண்துளைப் பொருள். இரயில் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே கோடை வெப்பத்தை எண்ணி விடப்படும் சந்து எதற்கோ, அதற்கே இந்த வெற்றிடமும்: விரியும் வெள்ளீயம் அண்டையில் உள்ளதை நெரிக்காமல் காலி இடத்துக்குள் விரிகிறது.

அளவீடு சொன்னது இது. ஆக்சைடுத் துகள் மட்டும் கொண்ட மின்முனை முதல் சுற்றில் கிராமுக்கு 550 மில்லிஆம்பியர்-மணி தந்து, 15 சுற்றுகளில் 60 க்கு வீழ்ந்தது. கிராஃபீன் சேர்த்த மின்முனை 810 இல் தொடங்கி, 30 சுற்றுகளுக்குப் பின்னும் 570 ஐத் தக்கவைத்தது. அதாவது ஏறத்தாழ 70 விழுக்காடு. இவ்விரு வரிகளும் இந்தத் துறையை அடுத்த பத்தாண்டுகளுக்கு ஓட வைத்தன என்றால் மிகையாகாது. வெள்ளீயம், இரும்பு, கோபால்ட், மாங்கனீசு, மாலிப்டினம் என்று தனிம அட்டவணையில் கைக்கு எட்டியவற்றையெல்லாம் கிராஃபீன் மேல் பதித்துப் பார்க்கும் கட்டுரைகள் அதன்பின் பெருகின.

810 என்ற எண் ஆக்சைடின் 782 ஐயும் அக்குழுவே தாள்களுக்கு அளந்த 540 ஐயும் மிஞ்சுவது வாசகரை நிறுத்த வேண்டும். துகள்களால் நன்கு விலக்கப்பட்ட தாளின் இரு பக்கமும் லித்தியம் அமர்ந்தால் கார்பனின் பங்கு கோட்பாட்டளவில் கிராமுக்கு 744 வரை போகும். அப்போதும் கலவையின் கொள்ளளவு இரண்டு எண்களுக்கும் நடுவில் விழ வேண்டுமே தவிர மேலே போகக் கூடாது. எஞ்சியதை, நானோ அளவில் லித்தியம் ஆக்சைடு ஓரளவு பிரிந்து லித்தியத்தைத் திருப்பித் தருவதாலும், தாளின் குறைகளிலும் விளிம்புகளிலும் லித்தியம் ஒட்டுவதாலும் விளக்கலாம். அப்படி ஒட்டும் லித்தியம் பெரும்பாலும் உயர்ந்த மின்னழுத்தத்தில்தான் வெளியேறும். ஆனோடின் மின்னழுத்தம் உயர்ந்தால் மின்கலத்தின் மொத்த மின்னழுத்தம் அந்த அளவு குறையும். ஆகவே அந்தக் கூடுதல் மில்லிஆம்பியர்-மணி முழு ஆற்றலாகக் கணக்கில் வராது. 30 சுற்று என்பதும் குறைவு. கைப்பேசி மின்கலம் நூற்றுக்கணக்கான சுற்றுகளைத் தாங்க வேண்டியது.

கலப்பதும் வளர்ப்பதும் பொதிவதும்

துகளும் தாளும் எவ்வாறு சேர்கின்றன என்பதில்தான் மற்றக் குழுக்கள் வேறுபட்டன. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் ஜுன் லியுவும் பிரின்ஸ்டனின் இல்ஹான் அக்சாயும் சேர்ந்து 2009 இல் வெளியிட்ட பணியில், சல்பேட் வகைச் சவர்க்கார மூலக்கூறு ஒன்றைக் கிராஃபீனுக்கும் டைட்டானியம் டைஆக்சைடுக்கும் நடுவே தரகராக அமர்த்தினார்கள். நீரை வெறுக்கும் அதன் வால் தாளில் ஒட்ட, மின்சுமையுள்ள தலையில் ஆக்சைடு வளர்ந்தது. உயர் வேக மின்னேற்றத்தில் கொள்ளளவு தனி ஆக்சைடைவிட இரு மடங்குக்கும் மேல் வந்தது. டைட்டானியம் டைஆக்சைடு லித்தியம் நுழையும்போது அதிகம் உப்புவதில்லை. எனவே இங்கே கிராஃபீன் செய்த உதவி வெற்றிடம் தருவதல்ல, மின்சாரத்தைத் துகளின் வாசல்வரை கொண்டுபோவது. ஒரே பொருளின் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க இந்த ஒப்பீடு உதவுகிறது.

ஸ்டான்ஃபோர்டில் ஹொங்ஜியே டாயின் குழு 2010 இல் நிக்கல் ஹைட்ராக்சைடு தகடுகளை மிகக் குறைவாக ஆக்சிஜனேற்றப்பட்ட கிராஃபீன் மேல் நேரடியாக வளர்த்து, மின்சுமையை விரைவாக வாங்கி விரைவாகத் தரும் மீமின்தேக்கிக்கான பொருளாகக் கிராமுக்கு 2.8 ஆம்பியர் மின்னோட்டத்தில் 1335 ஃபாரட்டும் (மின்சுமை தேக்கும் திறனின் அலகு), 45.7 ஆம்பியரில் 953 ஃபாரட்டும் பெற்றது. தனியே செய்த தகடுகளையும் தாள்களையும் வெறுமனே கலந்து பார்த்தபோது மதிப்பு குறைந்தது. ஆக்சிஜன் மிகுந்த கிராஃபீன் ஆக்சைடில் வளர்த்தபோதும் தகடுகளுக்குப் பதில் சிறு துகள்கள் உருவாகி, பயன் குறைந்தது. அதாவது துகள் ஊன்றுவதற்குத் தாளில் ஆக்சிஜன் வேண்டும், மின்சாரம் ஓடுவதற்கு ஆக்சிஜன் போக வேண்டும். இந்த இழுபறியில் எந்த அளவில் நிற்பது என்பதை ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனியே தேட வேண்டியிருக்கிறது. சில உலோகங்கள் இதைத் தாமே தீர்த்துக்கொள்கின்றன. இரு இணைதிறனுள்ள வெள்ளீய உப்பைக் கிராஃபீன் ஆக்சைடோடு சேர்த்தால், அது தாளை ஒடுக்கிக்கொண்டே தான் ஆக்சிஜனேறி டைஆக்சைடாகித் தாளிலேயே படிகிறது. வெளியிலிருந்து ஹைட்ரசீன் தேவையில்லை. நச்சுத்தன்மை மிக்க அந்தப் பொருளைத் தவிர்க்க முடிவது பெரிய அளவில் தயாரிப்போருக்குச் சிறிய நன்மையல்ல.

மூன்றாவது வழி பொதிவது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிளாஸ் முல்லனின் குழு 2010 இல் கோபால்ட் ஆக்சைடுத் துகளின் மேற்பரப்பை அமினோ சிலேனால் நேர்மின்சுமை உடையதாக்கி, எதிர்மின்சுமையுள்ள கிராஃபீன் ஆக்சைடுத் தாள் தானாக வந்து அதைச் சுற்றிக்கொள்ளும்படி செய்தது. முதல் பத்துச் சுற்றுகளில் கிராமுக்கு 1100 மில்லிஆம்பியர்-மணி, 130 சுற்றுகளுக்குப் பின்னும் 1000 க்கு மேல். துகள் தாளின் மேல் உட்கார்ந்திருப்பதற்கும் தாளுக்குள் அடைபட்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது: பொடியானாலும் துண்டுகள் உறைக்குள்ளேயே கிடந்து தொடர்பை விடுவதில்லை.

சென்னையில் செய்யப்பட்ட ஒப்பீடு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறையில் எஸ். ராமபிரபுவின் குழு தாளைப் பிரிக்கும் படியிலேயே ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. கிராஃபைட் ஆக்சைடை வெப்பத்தால் வெடிக்கச் செய்து பிரிக்க வழக்கமாக 1000 டிகிரியை ஒட்டிய உலை தேவைப்படும். அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவில் 200 டிகிரியிலேயே பிரிப்பும் ஒடுக்கமும் ஒன்றாக நிகழ்வதை 2010 இல் அக்குழு காட்டியது. மறு ஆண்டில், குவிலென்சால் குவித்த வெயிலைக் கொண்டே கிராஃபைட் ஆக்சைடைப் பிரித்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது தோன்றியதில் வியப்பில்லை. ஹைட்ரஜன் வழியின் இன்னொரு வசதி, உலோக உப்பை முன்கூட்டியே ஆக்சைடோடு கலந்து வைத்தால் தாள் பிரியும் அதே சூட்டில் எளிதில் ஒடுங்கும் உலோகங்கள் துகளாக ஒடுங்கித் தாளில் படிந்துவிடும் என்பது.

நம் ஆய்வுக்கு முக்கியமானது, ஆஷிஷ் குமார் மிஸ்ராவும் ராமபிரபுவும் 2011 இல் வெளியிட்ட மீமின்தேக்கி ஒப்பீடு. ஒரே வகைக் கிராஃபீன் மேல் பல பொருள்களைப் பதித்து ஒரே முறையில் அளந்ததால் இதில் எண்களை அருகருகே வைக்க முடிகிறது. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை அப்படி வைப்பது பெரும்பாலும் பிழையில் முடியும். ஹைட்ரஜனில் பிரித்த கிராஃபீன் கிராமுக்கு 80 ஃபாரட் தந்தது. அமிலத்தில் நனைத்து ஆக்சிஜன் தொகுதிகளைத் திரும்பப் பொருத்தியபின் அது 125 ஆனது. அதன்மேல் ருத்தேனியம் ஆக்சைடு பதித்தபோது 265, காந்த இரும்பு ஆக்சைடு பதித்தபோது 180. டைட்டானியம் டைஆக்சைடு பதித்தபோதோ மதிப்பு 60 ஆகக் குறைந்தது. ஒன்றும் பதிக்காத தாளைவிடவும் கீழே. பாலி அனிலீன் என்ற கடத்தும் பலபடி எல்லாவற்றையும் மிஞ்சி 375 தந்தது.

இந்தப் பட்டியலில் என் கண்ணை முதலில் இழுப்பது 60 தான். லித்தியம் மின்கலத்தில் கிராஃபீனோடு சேர்ந்து உயர் வேகக் கொள்ளளவை இரட்டிப்பாக்கிய அதே டைட்டானியம் டைஆக்சைடு நீர்க்கரைசலில் அயனிகளோடு விரைந்து வினைபுரிவதில்லை, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்துவதில்லை. எனவே எடையைக் கூட்டிவிட்டு, தாளின் மேற்பரப்பையும் மறைத்துவிடுகிறது. பதிப்பது எதுவானாலும் பயன் கூடும் என்ற பொதுக்கருத்துக்கு இந்த ஓர் எண் போதிய மறுப்பு. 80 இலிருந்து 125 க்கு உயர்ந்தது அடுத்த செய்தி. முற்றிலும் தூய்மையான கார்பன் பரப்பு நீரை ஏற்காது. கொஞ்சம் குறையுள்ள பரப்பு நனைந்து அயனிகளை உள்ளே விடுகிறது. ருத்தேனியம் விலையேறிய உலோகம் என்பதையும், பலபடிகள் நீண்ட பயன்பாட்டில் உப்பிச் சுருங்கித் தேய்வன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதிக மதிப்பு பெறாத இரும்பு ஆக்சைடே மேலும் தொடரத் தக்கதாக எனக்குத் தோன்றுகிறது.

நாணயக் கலத்திலிருந்து முழு மின்கலத்துக்கு

மேலே சொன்ன கிராஃபீன் ஆனோடு அளவீடுகள் அரைக்கலத்தில் எடுக்கப்பட்டவை. நாணய வடிவக் கலத்தில் எதிர்ப்பக்கம் லித்தியம் உலோகத் தகடு இருக்கும். லித்தியம் எவ்வளவு வீணானாலும் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். விற்பனை மின்கலத்தில் அந்த வசதி இல்லை. அங்கே ஆனோடுக்கு எதிர் மின்முனையான கேத்தோடில் உள்ள லித்தியம்தான் மொத்தக் கைமுதல்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளீய டைஆக்சைடு ஒரு கிராம், முதல் மின்னேற்றத்தில் மூலக்கூறுக்கு 8.4 லித்தியம் வாங்கினால் சுமார் 1494 மில்லிஆம்பியர்-மணி எடுக்கிறது; திருப்பித் தருவது 782. கிராமுக்குச் சுமார் 140 மில்லிஆம்பியர்-மணி தரும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கேத்தோடாக வைத்தால், முதல் நிரப்பலுக்கு 10.7 கிராம் தேவை. அடுத்த சுற்றிலிருந்து வேலை செய்வது 5.6 கிராம். மீதி 5 கிராமுக்கு மேல் எடை, மின்கலத்தின் ஆயுள் முழுக்கப் பயனின்றி உடன் வரும். அதுவும் கோபால்ட் என்ற விலையுயர்ந்த உலோகத்தைத் தாங்கிக்கொண்டு. கிராஃபைட்டில் முதல் சுற்று இழப்பு பொதுவாகப் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனோடில் கிராமுக்கு இரு மடங்கு கொள்ளளவு பெற்றும் மின்கலத்தில் அதன் பலன் தெரியாமல் போவது இப்படித்தான்.

கிராஃபீன் இந்த இழப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. ஆனோடின் மேற்பரப்பில், இரு மின்முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் உருவாவது தவிர்க்க முடியாதது. அந்தப் படலமும் லித்தியத்தைக் கொண்டே அமைகிறது. மேற்பரப்பு எவ்வளவு பெரிதோ படலமும் அவ்வளவு பெரிது. கிராஃபைட் தயாரிப்போர் துகளை உருண்டையாக்கி மேற்பரப்பைக் கிராமுக்குச் சில சதுர மீட்டர்களாகச் சுருக்கப் பாடுபடுவதன் நோக்கமே இதுதான். நானோ துகளும் விரிந்த தாளும் சேர்ந்த பொருள் அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. உப்பிச் சுருங்கும் வெள்ளீயம் ஒவ்வொரு சுற்றிலும் படலத்தைக் கிழித்துப் புதுப் பரப்பைத் திறப்பதால் இழப்பு முதல் சுற்றோடும் நிற்பதில்லை.

அடுத்தது அடர்த்தி. கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லும்போது வெற்றிடத்துக்கு எடையில்லை. மின்கலத்தின் உறைக்குள்ளோ அதற்கு இடம் உண்டு. தளர்ந்த தூளைத் தாமிரத் தகட்டில் பூசினால் தேவைக்கு மேல் தடித்து விரிசல் விடும், உருளைகளுக்கிடையே அழுத்தினால் விரிவுக்கென விட்ட வெற்றிடம் மூடிக்கொள்ளும். வெற்றிடத்தை நிரப்பவும் மின்பகுளி வேண்டும். மின்பகுளிக்கு விலையும் உண்டு, எடையும் உண்டு. யூரி கோகாட்சியும் பாட்ரிஸ் சிமோனும் 2011 இல் 'சயின்ஸ்' இதழில் மீமின்தேக்கிகளைப் பற்றி எழுதியபோது, விற்பனைக் கருவிகளில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 மில்லிகிராம் அளவுக்குக் கார்பன் இருப்பதையும், கருவியின் மொத்த எடையில் அது மூன்றிலொரு பங்கை ஒட்டியே வருவதையும் சுட்டி, மெல்லிய படலத்தில் பெற்ற எண்ணை அப்படியே கருவிக்கு நீட்டுவது தவறு என்று எச்சரித்தார்கள். உலோகம் பதித்த கிராஃபீன் பற்றிய கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது மின்முனையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் பொருள் பூசப்பட்டது என்பதைத்தான். அது இல்லாத இடத்தில் மற்ற எண்களை ஒப்பிட வழியில்லை.

அடர்த்திச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடை ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் டான் லியின் குழுவிடமிருந்து 2013 இல் வந்தது. கிராஃபீன் கூழில் எளிதில் ஆவியாகும் திரவத்தையும் ஆவியாகாத மின்பகுளியையும் சேர்த்து வைத்து முன்னதை மட்டும் உலரவிட்டபோது, நுண்குழை விசையால் தாள்கள் நெருங்கின. ஆனால் இடையில் மின்பகுளி தங்கியிருந்ததால் ஒட்டிக்கொள்ளவில்லை. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம் வரை உயர்ந்தது, கருவி லிட்டருக்கு 60 வாட்-மணியை நெருங்கியது. அதில் உலோகம் பதிக்கப்படவில்லை. உப்பாத மீமின்தேக்கிப் பொருளுக்கு இந்த நெருக்கம் பொருந்தும். வெள்ளீயத்துக்கு அதே நெருக்கத்தில் விரிவுக்கு எவ்வளவு இடம் மிச்சம் வைக்க வேண்டும் என்பதை லித்தியம் ஏறியபின் உள்ள கன அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் வடிவமைக்க வேண்டும். சுகுபா மின்முனையில் வெற்றிடம் தாள்கள் சேர்ந்தபோது அமைந்த அளவில் இருந்தது. தேவையான அளவு மட்டும் இருக்கும்படி செய்வது அடுத்த தலைமுறைப் பணி.

முதல் சுற்று இழப்புக்கு உள்ள வழி, மின்கலத்தை மூடுமுன்பே ஆனோடுக்கு லித்தியத்தை ஊட்டிவிடுவது. மேற்பரப்பு பாதுகாக்கப்பட்ட லித்தியம் தூளை மின்முனையில் தூவுவதோ, லித்தியத் தகட்டோடு தொட வைத்து முன்கூட்டியே வினைபுரிய விடுவதோ இதற்கான முறைகள். இரண்டுக்கும் ஈரப்பதம் அறவே நீக்கிய அறை வேண்டும், தனிச் செலவு வேண்டும். ஆக்சைடின் நான்கு லித்தியத்தையும் படலத்தின் பங்கையும் சேர்த்து ஊட்ட வேண்டுமானால் அந்தச் செலவு வெள்ளீய ஆக்சைடில் பெருகும். ஆக்சைடுக்குப் பதில் உலோக வெள்ளீயத்தையே தாளுக்குள் பொதிந்தால் படலத்துக்கு உரியதை மட்டும் ஊட்டினால் போதும். சோனி 2005 இல் கார்பனும் கோபால்டும் கொண்டு அடைந்த இடத்துக்கு, கோபால்ட் இல்லாமல் கிராஃபீன் வழியே போக முடியுமா என்பதை, உலோக வெள்ளீயத்தை அடர்த்தியாகப் பொதிந்து, முழு மின்கலத்தில், கன அளவின்படி, நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்கு அளக்கும் சோதனைதான் சொல்லும்.